சிறுவிரல் இல்லாவிடின்

தேர்தல் நாளில் என் வேலை மை பூசுவது.
இடது கைச் சிறுவிரல். நகமும் தோலும் சந்திக்கும் இடம்.
ஒரு குச்சி, ஒரு தொடுகை, அடுத்தவர்.
முகம் பார்க்க நேரமில்லை, விரல் பார்த்துப் பழகிவிட்டேன்.
சுண்ணாம்பு விரல், சம்பல் அரைத்த விரல்,
பக்கத்து விரலில் மோதிரம் அடகுபோன வெள்ளைத் தடம்.

அந்த முறை திருக்கடலூரில், பள்ளிக்கூட மண்டபத்தில்,
பத்து மணி வரை பெண்களே வந்தார்கள்.
தவமலர் இரண்டு வாக்காளர் அட்டை நீட்டினாள்.
“இது அவருடையது. ஆள் கடலில. நான் போட்டுவிடட்டா?”
கூடாது அம்மா என்றேன்.
“அவர் ஆருக்குப் போடுவார் எண்டு எனக்குத் தெரியும்.”
தெரிந்தாலும் கூடாது.
அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்,
இங்கே மாற்ற முடியாத வெளிநாட்டுக் காசைப்போல.

இடாப்பில் அவள் பெயருக்குக் கோடு விழுந்தது.
அடுத்த வரியில் கமலரூபன், கோடில்லாமல்,
நூற்றிமுப்பது கடல்மைல் தள்ளி
தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தான்.

நான் பத்து நாள் முன்பே போட்டுவிட்டேன்.
தபால் வாக்கு. கச்சேரியில், மின்விசிறிக்குக் கீழே,
பிளேன்ரீ ஆறுவதற்குள்.
அரச ஊழியருக்கு அன்று கடமை உண்டென்று சட்டத்துக்குத் தெரியும்.
சூரை பிடிப்பது கடமையா என்பதில்
அது இன்னும் வாய் திறக்கவில்லை.

படகு பதினோராம் நாள் கொட்பேயில் கட்டியது.
அதற்குள் அரசாங்கம் மாறியிருந்தது.
சுவரொட்டிகளை நகரத்து மான்கள் தின்றதுபோக
யாரோ ஒருவரின் காது மட்டும் மிஞ்சியிருந்தது.
கமலரூபன் இறங்கியதும் கேட்டது,
“ஐஸ் என்ன விலை?”
பிறகுதான், “ஆர் வெண்டது?”

இப்போது ஒரு சட்டமூலம் என்கிறார்கள்.
கடலுக்குப் போவோர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்போர்,
நிலாவெளி ஹோட்டலில் விரிப்பு மாற்றுவோர்,
மா ஆலையில் இரவு முழுக்க நிற்போர்
முற்கூட்டியே வாக்களிக்கலாமாம்.
கருத்துக் கேட்கக் கொழும்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.
தவமலர் பிள்ளையின் கணக்குக் கொப்பியில்
அறுபத்துமூன்று பெயர் எழுதி வந்தாள்.
இருபத்திரண்டு கிண்ணியா, ஏழு சிங்களப் பெயர்,
ஈரக் கை பட்டு எல்லாக் கையெழுத்தும் ஒரே மாதிரிக் கசிந்திருந்தது.

“ஒரு நாள் கரையில் நின்றால் என்ன?” என்றார் கண்ணாடிக்காரர்.
தண்டயல் சுனிமல் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:
“சேர், மீனுக்குத் திகதி தெரியாது.”
யாரும் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்கள்.

சப்ரி பின்வரிசையில் இருந்தான்.
வின்ச் கயிறு பிய்த்துக்கொண்டுபோன விரல் அவனுக்கு.
இடது கை, அதே சிறுவிரல்.
“எனக்கு எங்க பூசுவீங்க?” என்றான், விளையாட்டாய்.

விடை எனக்கு மனப்பாடம். கைநூலில் இருக்கிறது.
சிறுவிரல் இல்லாவிடின் அடுத்த விரல்,
அந்தக் கையே இல்லாவிடின் மற்றக் கை...
சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது.
எழுதியவர் யாரோ, எந்த வருடமோ,
விரல் இழந்த ஒருவன் மேசைக்கு வருமுன்பே
அவனைக் கண்டிருக்கிறார்.
அவனுக்கென்று ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்.
கடலில் நிற்பவன்
அந்தச் சன்னலிலிருந்து தெரிந்திருக்கமாட்டான்.

சட்டமூலம் குழுநிலையில் கிடக்கிறது.
வாடை ஓய்ந்துவிட்டது.
இன்று பின்னேரம் கொட்பேக்குப் போனேன், ஒரு வேலையும் இல்லாமல்.
தண்ணீர், டீசல், ஆறு தொன் ஐஸ் ஏறியாயிற்று.
சப்ரி அணியத்தில் குனிந்து கயிறு அவிழ்த்தான்.
பழக்கதோஷம், எண்ணினேன்.
ஒன்பது விரல்.
சட்டத்துக்கு ஒன்று போதும்.