லாம்

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே
கல்லூரி மொட்டைமாடி.
கறுப்புத் தாள் சுற்றிய நான்கு பலகைகள்.
ராத்திரி முறை எனக்கு.
வானத்திலிருந்து வந்து விழுவதை எண்ண வேண்டும்.

எங்கோ ஒரு விண்மீன் வெடித்த நாளில் கிளம்பியது
எத்தனையோ லட்சம் வருஷம் நடந்து வந்து
நம் தலைக்குப் பதினைந்து கிலோமீட்டர் மேலே
ஒரு நைட்ரஜன் அணுவில் முட்டிச் சிதறுகிறது.
சிதறியது சிதறி, அதுவும் சிதறி,
மிச்சம் என் உள்ளங்கைக்குள் புகுந்து வெளியேறுகிறது,
விநாடிக்கு ஒன்று.
கூசவில்லை.
தூக்குவாளியின் எலுமிச்சைச் சோற்றையும்
அப்படித்தான் கடந்து போகிறது.

வருகிற வழியெல்லாம் காற்றிலிருந்து
எலக்ட்ரான்களை உருவிப் போட்டுவிட்டு வருகிறது.
மின்னேறிய துகளில் கந்தக ஆவி ஒட்டி
ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டிப் பருத்து
மேகத்துக்கு விதையாகலாம்.
ஆகலாம்.
ஆகும் என்று எழுதினால்
அமலோற்பவ மேடம் சிவப்பு மையில்
அந்த ‘உம்’மை மட்டும் வட்டமிடுவார்.

தம்பி சோலைமலை தண்ணி லாரி ஓட்டுகிறான்.
விளாங்குடி, கூடல் நகர், ஆனையூர்.
குடம் பதினைந்து ரூபாய்.
விடிகாலையில் என்னை ஏற்றிக்கொள்ள வருவான்.
கதவைத் திறந்ததும் கேட்பான்:
“மழை வருமாக்கா?”
“வரலாம்.”
“இதச் சொல்லவா சம்பளம்?”
எந்தப் பதிலுக்கு அவன் பயப்படுகிறான் என்பது
மூன்றாம் மாதம்தான் எனக்கு உறைத்தது.
லாரிக்கு இன்னும் இருபத்திரண்டு தவணை.

போன செவ்வாய், மணி இரண்டே கால்.
இரண்டாம் பலகையில் எண்ணிக்கை எகிறியது, மூன்று மடங்கு.
மேடத்தை ஃபோனில் எழுப்பினேன்.
“மத்த மூணும்?”
“எப்பவும்போலதான் மேடம்.”
“அப்ப வானம் இல்ல. டேப்பைப் பாரு.”
வைத்துவிட்டார்.
டார்ச் அடித்தேன்.
கறுப்புத் தாளைப் பிய்த்துக்கொண்டு
கதகதப்பாய் உள்ளே ஒரு பல்லி.
பிய்ந்த இடத்தில் பைபாஸ் விளக்கின் வெளிச்சம்.
பல்லி சொன்னால் பலன் உண்டு என்பார்கள்.
அந்த இரவின் எண்களை மொத்தமாய் நீக்கினோம்.

இன்று காலை கீழக்குயில்குடி தாண்டுகையில்
முன்கண்ணாடியில் ஒரு துளி. கொஞ்சம் பொறுத்து இரண்டு.
வைப்பர் விசையில் கை வைத்தவன் போடவில்லை.
“இது எதுல சேர்த்திக்கா?”
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஆறாயிரம் லிட்டர்
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
தளும்பிக்கொண்டு வந்தது.