போஸ்துமோ

என் பெயர் போஸ்துமோ.
கராராவின் பளிங்குக் குவாரிகளில்
இப்படியொரு பெயருக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
எங்கள் கூட்டத்தில் ஒருவன் லீபெரோ, விடுதலை;
இன்னொருவன் ரிபெல்லே, கலகக்காரன்,
மனைவிக்குப் பயந்தவன்.
தேவாலயப் படி ஏறாத அப்பன்மார்
பிள்ளைகள் தலையில் நட்டுவைத்த கொடிகள்.

என் தலையில் மட்டும் மண்.

பள்ளியில் சொன்னார்கள்:
போஸ்த் என்றால் பிறகு, ஹூமுஸ் என்றால் மண்.
மண் மூடிய பிறகு பிறந்தவன்.
பழைய லத்தீன் புத்தகத்தில் என் பெயருக்கு நடுவே
ஒரு ஹ நின்றது.
எங்கள் வாயில் ஒலிக்கவே ஒலிக்காத எழுத்து.
சாவு வீட்டில், யார் வழி உறவென்று தெரியாமல்
ஓரமாய் நிற்பாரே ஒருவர், அப்படி.

கணக்கும் சரியாகத்தான் இருந்தது.
ஐம்பத்திரண்டு மார்ச்,
சோப்புத் தடவிய கட்டைகள் மேல்
பதினெட்டு டன் பாளம் சரிவில் இறங்கும்போது
வடம் ஒன்று அறுந்தது.
கொம்பு ஊதினார்கள். மலை முழுக்க
உளிச்சத்தம் நின்றது.
அப்பா பெயர் இலாரியோ.
லத்தீனில் அதற்குச் சிரித்த முகத்தான் என்று பொருள்.
துணியை விலக்கி அந்த முகத்தை
அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை.
ஜூனில் நான்.

நாற்பது வருடம் கழித்து
மேல் குவாரியில் சல்லி அள்ளும்போது
என் கிரேனில் ஏறி வந்தது
ரோமர் காலத்தில் பாதி வெட்டி விட்ட கல்.
பீசாவிலிருந்து ஓர்னெல்லா வந்தாள்,
ஒரு தூரிகை, ஒரு தண்ணீர்ப் புட்டி.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும்
கல்லின் விலாவில் எழுத்து எழுந்தது:
போஸ்துமுஸ்.

"ஹ எங்கே?" என்றேன்.

சிரித்தாள். "அது அப்போது பிறக்கவே இல்லையே.
இது வெறும் கடைசி.
பின்னால் வந்தவர்களில் எல்லாருக்கும் பின்னால் வந்தவன்.
அப்பன் உயிரோடிருந்து
விருந்து வைத்த வீட்டிலும் வைத்த பெயர்.
அப்பன் போனபின் பிறந்தால் அதுதானே கடைசி,
அப்படி ஒட்டிக்கொண்டது சாவு.
அப்புறம் எவனோ ஒரு பண்டிதன்
சொல்லுக்குள் மண்வாசனை வருகிறதென்று
ஓர் எழுத்தைச் செருகிவிட்டான்."

அவள் போனபின்
அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து எண்ணினேன்.
அம்மா ஒரு ரொட்டிக்காரரை மறுமணம் செய்தாள்.
எனக்குப் பின் ஆர்ஜியா, ஃபௌஸ்தோ,
பெயர் வைக்கும் முன்பே போன ஒருத்தி.
சரியான பொருள் எனக்குப் பொருந்தவில்லை.
தப்பாய்ச் செருகிய எழுத்துதான் பொருந்தியது.

மாலையில் அம்மா அவரை உரித்துக்கொண்டிருந்தாள்.
யார் வைத்த பெயர் என்றேன்.
"யாரும் வைக்கவில்லை.
நகராட்சி மேஜையில் குமாஸ்தா
தகப்பன் பெயர் கேட்டான், சொன்னேன்.
இருக்கிறாரா என்றான், இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டே போஸ்துமோ என்று முணுமுணுத்தான்.
உனக்குப் பெயர் சொல்கிறான் என்று நினைத்தேன்.
நன்றாயிருக்கிறது, அதையே எழுதுங்கள் என்றேன்.
பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.
பிறகு எழுதினான்."

ஒரு காய் உள்ளே சொத்தை. தூக்கி எறிந்தாள்.
"இலாரியோ என்று வைக்கத்தான் போயிருந்தேன்.
ஒருமுறை சொல்லியாயிற்று.
இரண்டாம் முறை வாய் வரவில்லை."

கல்லில் இருந்தவன்
அடிமையா கங்காணியா தெரியவில்லை.
கடைசி என்று பெயர் வைத்த வீட்டில்
அவனுக்குப் பின் எத்தனை தொட்டில் ஆடியதோ.

மறுநாள் கல்லை லாரியில் இறக்கினேன்,
வடத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு.