ஏழாம் மேசை

ஹகோடாதே, துறைமுகத் தெரு, எண்பத்திரண்டு பிப்ரவரி.
எங்கள் காப்பிக்கடையில் ஏழாம் மேசை
மேசையே அல்ல.
கண்ணாடிக்குக் கீழே நீலச் சுவர்களாலான ஓர் ஊர்,
பசி தீராத ஒரு மஞ்சள் வாய்,
நான்கு பேய்கள்,
இருநூற்று நாற்பத்து நான்கு புள்ளிகள்.
கோப்பையை எங்கே வைத்தாலும் யாராவது கத்துவார்கள்:
"மூலைப் புள்ளி மறையுது!"

முட்சுவோ ரயில்கப்பலில் கயிறு கட்டுகிறவன்.
நீரிணைக்கு அந்தப் பக்கம் போக நான்கு மணி நேரம்,
வர நான்கு.
நடுவில் மிஞ்சும் பொழுதை
நூறு யென் நாணயங்களாக மாற்றி
கண்ணாடி ஓரத்தில் அடுக்குவான்.

ஒரு முறைதான் பேசினான், தலை நிமிராமல்:
"சிவப்பு உன் பின்னாலேயே வரும். நேர்மையானது.
இளஞ்சிவப்பு, நீ போகப்போகிற இடத்தில்
உனக்கு முன்னால் போய் நிற்கும்.
வெளிர்நீலத்தின் மனசு
சிவப்பு நிற்கும் இடத்தைப் பொறுத்தது.
ஆரஞ்சு கிட்டே வரும், வந்ததும் பயந்து
தன் மூலைக்கு ஓடிவிடும்."
"எங்கள் முதலாளியின் தம்பி மாதிரி," என்றேன்.
சிரித்தான்.
சிரித்ததில் ஓர் உயிர் போனது.

அன்று பழங்களெல்லாம் முடிந்து
சாவிகள் வந்துகொண்டிருந்தன.
பெரிய புள்ளியைத் தின்றாலும் பேய்கள் அஞ்சுவதில்லை இனி;
ஒரு கணம் திசை திரும்பும்,
அவ்வளவுதான்.
கப்பல் சங்கு ஊதியது.
மஞ்சளை ஒரு முக்கில் கொண்டுபோய், மேல்நோக்கி நிறுத்தினான்.
"இங்கே நின்றால் அவற்றுக்குக் கண் தெரியாது. தொடாதே."
கோட்டில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன்.
ஏலக்காரர் நோசகா தொப்பியை வைத்தார், எடுத்தேன்.
ஒரு குழந்தை விரலை நீட்டியது, கேக் கொடுத்தேன்.
பேய்கள் சுற்றிச் சுற்றி வந்தன,
வாசலைத் தாண்டிப் போய்
கதவைத் தட்ட மறந்த கடன்காரர்கள் போல.

மாலையில் வானொலி சொன்னது:
காற்று, பனி, கப்பல் அவோமோரியிலேயே நிற்கிறது.
பதினொன்றுக்கு முதலாளி மின்சாரப் பெட்டியைத் திறந்தார்.
"கணக்கு பாக்கி இருக்கிறது," என்று பொய் சொன்னேன்.
எல்லா நாற்காலிகளையும் கவிழ்த்தேன்
ஏழாம் மேசையுடையதைத் தவிர.
இருட்டில் கூரை முழுக்க நீலம்.

ஏன் தொட்டேன் என்று கேட்காதீர்கள்.
மூன்று மணி இருக்கும். மிச்சம் பதினோரு புள்ளிகள்.
இடப்பக்கச் சுரங்கத்தில் நுழைந்து வலப்பக்கம் வெளியே வந்தேன்;
உள்ளே பேய்களின் கால் தளரும்,
அது பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.
ஒன்பது தின்றேன்.
பத்தாவதில் இளஞ்சிவப்பு நின்றது
நான் நினைப்பதற்கு முன்பே.
பிறகு அடுத்த உயிர். பிறகு கடைசி உயிர்.
பிறகு யாருக்காகவும் இல்லாமல்
இயந்திரம் தானே விளையாடத் தொடங்கியது.

மறுநாள் மதியம் வந்தான், புருவத்தில் பனி.
மேசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"எந்தப் பக்கம் திரும்பினாய்?"
"இடது."
"அங்கேதான் நானும் சாவேன்."

எதிர்நாற்காலியை நகர்த்தி
இரண்டு நாணயங்களைப் போட்டான்.
முதல் ஆட்டம் அவனுடையது.
பேச்சில்லாமல் பன்னிரண்டு நிமிடம்.
அவன் மஞ்சள் சுருங்கி மறைந்ததும்
அந்த ஊர் மொத்தமும் தலைகீழாகப் புரண்டு
என் பக்கம் திரும்பியது.

"கோப்பையை எடு," என்றேன்,
"மூலைப் புள்ளி மறையுது."