பூஜ்யமா, ஒன்றா

முதல் வருடம் எலும்புகள்.
இரண்டு பேருக்கு ஒரு பெட்டி.
எனக்கும் ஃபெர்மினுக்கும் வாய்த்தது
பிளாஸ்டிக்கில் ஒரு இடது கை.
வால்பரைசோவின் மலைப் பேருந்துகளில்
அதன் மணிக்கட்டு எலும்புகள் எட்டையும்
மேலங்கிப் பைக்குள் உருட்டி உருட்டி
பார்க்காமலே பெயர் சொல்லப் பழகினேன்:
படகு. பிறை. பட்டாணி.
பக்கத்து இருக்கைக்காரர்
எழுந்து வேறிடம் போய்விட்டார்.

இரண்டாம் வருடம்
ஒருவர் மேல் ஒருவர் வரைந்தோம்.
கண்மைப் பென்சிலால் ஃபெர்மினின் முதுகில்
தசையின் ஓரம் தேடிக் கோடு இழுக்க
அவனுக்கோ கூச்சம்,
தோள் குலுங்கிற்று, கோடு கோணிற்று.
"அசையாதே" என்றேன்.
அசைவைப் படிக்க வந்தவள்
ஓர் உடம்பிடம் சொன்ன முதல் வார்த்தை.

பிறகு கோணமானி.
வீட்டில் யாரும் தப்பவில்லை.
தம்பியின் முழங்கை நூற்று நாற்பத்தெட்டு.
குளியலறைக் கதவு எழுபத்திரண்டோடு சரி,
மழைக்காலத்தில் ஊதிப்போனது.

படியேறும் பாடத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு:
நல்லது மேலுலகம் போகும், கெட்டது பாதாளம் போகும்.
ஏறும்போது நல்ல கால் முன்னால்,
இறங்கும்போது நொந்த கால் முன்னால்.
தேர்வில் எழுதினேன், முழு மதிப்பெண்.
பயிற்சிக்கூடத்தில் மரப்படிகள் நான்கு,
இருபுறமும் பளபளக்கும் கைப்பிடி.
இந்த ஊரில் நான்காம் படியில் முடிகிற வீடு
யாருக்கு இருக்கிறது?
எங்களுடையது நூற்றுப் பதினேழு.
தபால்காரர் கீழே நின்று கத்துவார்.

நான்காம் வருடம்
ஆறாவது வார்டு, ஜன்னலோரப் படுக்கை,
தோன்யா எதெல்வீனா.
மூளையில் ஒரு குழாய் அடைத்துப் பதினோராம் நாள்.
மீன்துறையில் முப்பது வருடம்
மெர்லூசா கீறிய வலது கை
போர்வை மேல் கிடந்தது.

படிவம் என்னிடம் கேட்பது ஓர் எண்.
ஐந்தென்றால் என் கையை எதிர்த்துத் தள்ளுவாள்.
மூன்றென்றால் பூமியை மட்டும் எதிர்ப்பாள்.
இரண்டென்றால்
பூமிக்குத் தெரியாமல் பக்கவாட்டில் நகர்வாள்.
ஒன்றென்றால் நகர்வே இல்லை,
தொடும் விரலுக்கடியில் ஏதோ ஒன்று
விழித்து மறுபடி தூங்கும்.
பூஜ்யத்துக்கு விளக்கம் கிடையாது.

"மணிக்கட்டைத் தூக்குங்கள்."

தூக்கினாள்.
புருவம் ஏறியது. தாடை இறுகியது.
கேட்காமலே இடது கை எழுந்தது.
கால் பெருவிரல்கள்கூட விறைத்தன.
வலது கை மட்டும்
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை.

"இதைத் தராசில் போட்டால்,"
ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுத்துச் சொன்னாள்,
"அரைக் கிலோ தேறாது."

முன்கையில் என் விரலை வைத்தேன்.
மறுபடி.
இல்லை.
மறுபடி.
இருந்தது.
மழையின் முதல் சொட்டா,
ஓட்டில் பூனை நடந்ததா என்று
கேட்கும் முன்பே நின்றுபோகுமே, அப்படி.
அல்லது என் சொந்த நாடியா?
கட்டைவிரலால் தொடாதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு
என்று சொல்லித் தந்திருந்தார்கள்.
நடுவிரலுக்கு மாறினேன்.
அதற்கும் இருந்தது.
மூச்சை அடக்கினேன்.
அடக்கினால் இதயம் இன்னும் சத்தம் போடுகிறது;
இதை யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு ஒன்று வேண்டியிருந்தது.
பென்சில் அந்த ஒன்றை
ஏற்கெனவே பாதி எழுதிவிட்டது.

எதெல்வீனா என் முகத்தையே பார்த்தாள்,
காசை எண்ணிக் கொடுக்கும் வாடிக்கைக்காரியைப் பார்ப்பதுபோல.
"பெண்ணே," என்றாள்,
"தராசுத் தட்டில் உன் விரலும் இருக்கிறது.
எடு."

எடுத்தேன்.

அழிப்பான் ஃபெர்மினிடம்.
அவன் எதிர் வார்டில்.
பென்சில் கோட்டை விரலால் தேய்த்தேன்,
அது சாம்பல் கறையாகி அங்கேயே நின்றது.
ஜன்னலை அவள் சாத்தச் சொன்னாள்,
காற்றில் கைமயிர் அசைந்தால்
கணக்கு கெட்டுவிடுமாம்.
சாத்திவிட்டு வந்து
முன்கை மேல் இருவரும் குனிந்தோம்,
நெற்றியோடு நெற்றி முட்டும் அளவுக்கு.

"இப்போது," என்றேன்.
"நானும் அதைத்தான் சொல்கிறேன் அதனிடம்," என்றாள்.

பத்தரை மணிக்கு மேற்பார்வையாளர் வந்தபோது
அந்தக் கட்டம் நிரம்பியிருக்கவில்லை.