பதினொரு வோல்ட்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கரைவரை உறைந்து, இரவெல்லாம்
மாடியில் யாரோ பீரோவை இழுப்பதுபோல் சத்தம்.
வெண்டல் மாக்கி, பனி தள்ளும் லாரி ஓட்டுபவர்,
ஆம்ப்ளிஃபயரைக் குளியல் துண்டில் சுற்றிக்கொண்டு
என் பேஸ்மென்ட் படிகளில் பக்கவாட்டாக இறங்கினார்.
"முன்னெல்லாம் லேசாக முனகும்.
இப்போது நான் வாசிப்பதே எனக்குக் கேட்பதில்லை."

போட்டுப் பார்த்தேன்.
வாசலில் நின்றுவிட்டுக் கிளம்ப மனசில்லாத
ஒரு வண்டியின் உறுமல்.

பின்பலகையில் எட்டுத் திருகு.
ஏழு ஒரு ஜாதி, எட்டாவது யாரோ ஒரு அவசரக்காரனுடையது.
உள்ளே எத்தனையோ மதுக்கடைகளின் சிகரெட் படிவு,
எலி வைத்துவிட்டு மறந்த ஒற்றைச் சோளப்பொரி.
ஓரத்தில் நான்கு மின்தேக்கிகள்:
தாள் பழுத்து, நுனி உப்பி,
ஒன்று மட்டும் பல்லிடுக்கில் வெற்றிலைபோல
எதையோ கசியவிட்டு.

இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.
சோம்பலில்லை.
இரண்டு கையும் உள்ளே போனால்
ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும்.
வழியில்தான் நெஞ்சு இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மீட்டரில்
முந்நூற்று நாற்பது வோல்ட்.
சொன்னது யாருக்கோ என்று உட்கார்ந்திருந்தது.
ஒரு தடையை முதலைக் கிளிப்பில் மாட்டி வடித்தேன்.
இருநூறு. எண்பது. பத்தொன்பது. நான்கு.
பூஜ்ஜியம்.
கிளிப்பை எடுத்துவிட்டேன்.
காபி போட்டு, அதில் பாதியைக் குடித்துவிட்டு
மறுபடி மீட்டரை வைத்தால்
பதினொன்று.

யாரும் எதையும் தொடவில்லை.
பழசு இப்படித்தான்,
கொஞ்சத்தைத் தோலுக்கடியில் வைத்துக்கொண்டு
எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று கை விரிக்கும்.
இன்னொருமுறை வடித்தேன்.
இம்முறை கிளிப்பை எடுக்கவில்லை.

புதியவை பாதி உயரம்கூட இல்லை.
பட்டை போட்ட பக்கம் மைனஸ்.
அதை மாற்றிப் பொருத்திய நாளின் கறை
இன்னும் என் கூரையில் இருக்கிறது.
ஈயம் உருகி, பளபளத்து, மங்கி இறுகியது. நான்கு முறை.
நடுவே ஒரு பல்பைத் தொடராகக் கோத்துச் சுவிட்சைப் போட்டேன்.
பளிச்சென்று எரிந்து, மெல்லத் தணிந்து,
செம்பு நிறத்தில் நின்றது.
தணியாவிட்டால் தப்பு என்னுடையது.

வியாழக்கிழமை வந்தார்.
சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தார்.
ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார்.
"போட்டிருக்கிறீர்களா?"
சுவருக்கு அப்பால் கொதிகலன். அதற்கும் அப்பால் ஏரி.
கிட்டாரை மடியில் ஏற்றி, முறுக்காணியில் கைவைத்து,
அப்படியே நின்றுவிட்டார்.
"சத்தம் எங்கே?"
"எடுத்துவிட்டேன். அதற்குத்தானே கொண்டுவந்தீர்கள்."
"அதை வைத்துத்தானே சுருதி சேர்ப்பேன்."

ஐந்தாம் தந்தி, இரண்டாம் கட்டை, அந்த முனகல்.
மற்ற ஐந்தும் அதன் பின்னால்.
முப்பத்தொரு வருடம்.

இந்த நாட்டுச் சுவருக்குள் ஓடுவது
ஆம்ப்ளிஃபயரில் நொடிக்கு நூற்றிருபதாய் அதிரும்.
பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது.
மேல் கட்டை நூற்றிருபத்து மூன்றரை,
கீழ்க்கட்டை நூற்றுப் பதினாறரை.
மனிதர் இத்தனை காலம்
இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நின்று வாசித்திருக்கிறார்.
காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.
எண்களை விரலால் மூடினார், திறந்தார்.

"லியோனா" என்றார்.
அக்கார்டியன். லியோனா ஸ்குபிச்.
அக்கார்டியனின் நாக்குகள் உள்ளே,
மேடையில் ஏற்றவோ இறக்கவோ முடியாது.
எவெலெத் ஹாலில், ஒரு போல்காவின் பாதியில்,
உனக்குக் காது இல்லையா என்று கேட்டு
மேடையிறங்கி, வாத்தியத்தைக் கழற்றாமலே
பனிக்குள் நடந்துபோனவள்.

"நான் வேறு காரணம் என்று நினைத்துவிட்டேன்."

என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை.
பழைய நான்கையும் தாள்பையில் போட்டுக் கொடுத்தேன்,
வழக்கம்தான்.
உலுக்கிப் பார்த்தார். "இதில் எது முனகியது?"
"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்."

பிறகு கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி,
எங்கும் பார்க்காமல் ஒரு எண்ணை அழுத்தினார்.
மணி போனது.
நான் பில் புத்தகத்தைப் பிரித்து
மின்தேக்கி நான்கு என்று எழுதி,
அதன் மேலேயே இன்னொருமுறை எழுதிக்கொண்டிருந்தேன்.
ஆறாவது மணியில் எடுத்தார்கள்.
ஒரு பெண் குரல்,
"இப்போது என்ன?"