மூன்றாவது கட்டம்

படிவத்தில் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன.
முதலாவதில் பௌதிகம். அடுத்ததில் உயிரியல்.
அதுவரை வீட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.
மூன்றாவதில் பென்சிலால் கணக்கியல் என்று எழுதி
அழித்து
சமயக் கல்வி என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதியதில்
தாள் அந்த இடத்தில் மட்டும்
வெங்காயத் தோலாகிவிட்டது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அத்தை போனில் சிரித்தாள்:
"சாமியைப் படிச்சா எந்தக் கம்பெனியில வேலை?"
அவள் மகன் காப்பீட்டு அலுவலகத்தில்
மனிதர் எத்தனை வயதில் சாவார் என்று கணக்குப் போடுகிறான்.
ஏன் சாகிறார் என்பது
அவன் இலாகா இல்லை.

எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தில்,
மேடேறி மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில்.
அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.
வீட்டுக்குள் இருப்பது வேறு சுவர்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது
அப்பாவுக்கு பஸ் டிப்போவில் வேலை போனது.
அந்த மழைக்காலம் முடிவதற்குள்
ஜெபக் கூடாரத்துத் தொட்டியில் முழுகி எழுந்தார்.
டிப்போவில் டீனாவாக இருந்தவர்
கூடாரத்தில் பிரதர் டேனியல்.
அம்மாவின் விளக்கு
முன்னறையிலிருந்து துணி அலமாரிக்குப் போனது.
யாரும் எடுக்கச் சொல்லவில்லை.
அவளாகவே ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனாள்.
அன்றிலிருந்து என் பள்ளிச் சீருடையில்
கற்பூர வாசம்.

பெரிய வெள்ளியன்று
அப்பா வெள்ளைச் சட்டையில் கூடாரத்துக்கு,
அம்மா மஞ்சள் சேலையில் இசிபிங்கோ மாரியம்மனுக்கு.
கார் ஒன்றுதான்.
அம்மா ஓட்டுவாள்.
ஊரையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர்
பக்கத்து இருக்கையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்.
வானொலி மட்டும் பேசும்,
எந்தச் சாலையில் நெரிசல் என்று.
பின்னால் என் மடியில் தேங்காய்த் தட்டு,
தொடைக்குப் பக்கத்தில் அவர் பைபிள்.
வளைவுகளில் இரண்டும் சரியாமல்
பிடித்துக்கொள்வது என் வேலை.
அதற்கு இதுவரை யாரும் மார்க் போட்டதில்லை.

செலே சார் வகுப்புக்கு வந்து
பழைய வினாத்தாள் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்.
"பத்துப் பேர் சேராவிட்டால்
இந்தப் பாடமே கிடையாது. இப்போதைக்கு எட்டு."
நான் நான்காம் கேள்வியில் நின்றுவிட்டேன்:
ஒரே சமூகத்தில் வாழும் இரு சமயத்தார்
தம்முள் முரண்பாட்டை எவ்வாறு கையாளுகின்றனர்?
எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
இருபது மதிப்பெண்கள்.

சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.
தாளைத் திருப்பிக் கொடுக்காமல்
பைக்குள் வைத்துக்கொண்டேன்.
வீட்டில் கேட்டால் தட்டுகள் சத்தம் போடும் ஒரு கேள்வி.
இங்கே அதற்கு
இரண்டரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இரவு, பீன்ஸ் கறியின் மேல் படிவத்தை நீட்டினேன்.
"அம்மனைப் பத்தி எழுதினா
ஃபெயில் போடுவாங்களா?" என்றாள் அம்மா.
"கர்த்தரைப் பத்தி சரியா எழுதியிருக்கா?" என்றார் அப்பா.
இருவரும் கேட்டது படிவத்திடம்.
புத்தகத்தில் எல்லாருமே 'அவர்கள்'தான் என்றேன்.
அவர்கள் தீ மிதிக்கிறார்கள்.
அவர்கள் நீரில் முழுகுகிறார்கள்.
"யாரு?" என்றாள் அம்மா.
"நீங்கதான்."
அவள்தான் முதலில் சிரித்தாள்.
அவர் கறியை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டார்.
பஸ்ஸை ஒப்படைக்கும் பழக்கத்தில்
கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுதினார்:
ஏழு நாற்பது.

எங்கள் பெயர் மூட்லி.
கப்பலில் ஏறியபோது முதலி.
நடுவில் காது மந்தமான குமாஸ்தா யாரோ.
கடைசித் தேர்வில் அந்தப் பெயரையும் எழுதக் கூடாதாம்.
எண் மட்டும்.
திருத்துகிறவருக்கு
நான் எந்த இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள்
என்று தெரியாது.
பதின்மூன்று இலக்கங்களுக்குள் ஒளிந்துகொண்டு
தேங்காய்த் தட்டை ஒரு பக்கம்
பைபிளை ஒரு பக்கம் வைத்துவிட்டு
கையை உதறிக்கொண்டு எழுதலாம்.

காலையில் செலே சார் படிவத்தை வாங்கி
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.
தேய்ந்த கட்டம் வழியே
அவர் விரல் தெரிந்தது.
"ஒன்பது" என்றார்.
"இன்னும் ஒரு ஆள்."