இருபத்துமூன்று

இதற்கு நடு இல்லை.
கிண்ணத்துக்கு உண்டு, தட்டுக்கு உண்டு,
பழைய தொலைநோக்கியின் வட்டக் கண்ணாடிக்கும் உண்டு;
விரலை வைத்து இங்கே என்று சொல்லிவிடலாம்.
இதுவோ ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் மெல்ல நிமிர்ந்து,
மூலையில் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறது.
அறுபத்தாறு எண்களால் எழுதிய வளைவு.
ஓர் எண் பிசகினாலும்
எங்கோ ஒரு விண்மீனுக்கு வால் முளைக்கும்.

துர்னோவில் பிப்ரவரி.
யிசேரா ஆற்றின் ஓரங்களில் பனி தடித்துக் கிடக்கிறது.
ஒளியியல் கூடத்தின் நிலவறையில் மட்டும்
எப்போதும் இருபது டிகிரி.
நான் நுழைந்தால் அது இருபது அல்ல.
என் உடம்பின் சூடு காற்றை அசைக்கும்,
காற்று ஒளியை அசைக்கும்.
கண்ணாடியைத் தாங்கியில் கிடத்தி
விளக்கணைத்து வெளியேறுகிறேன்.
ஆறு மணி நேரத்தில்
அது என்னை மறக்க வேண்டும்.

விடிகாலையில் திரையில் வந்தது:
எதிரெதிர் ஓரங்களில் இரண்டு சிவப்பு மேடு,
குறுக்கே இரண்டு நீலப் பள்ளம்,
குதிரைச் சேணம் மாதிரி.
உச்சிக்கும் அடிக்கும் அறுபத்தொரு நானோமீட்டர்.
மயிரிழையில் தப்பினோம் என்கிறோமே,
அந்த மயிரிழையை ஆயிரமாகக் கிழித்தால்
அதில் ஒரு கீற்று.
அதில் தப்ப வழியில்லை.

"என் கை சேணம் செய்யாது" என்றான் லூபோர்.
மெருகிடுபவன் அவன்;
நகக்கண்களில் சீரியம் தூளின் இளஞ்சிவப்பு.
"உன் தாங்கி செய்திருக்கும்."
"என் தாங்கி பொய் சொல்லாது, மனிதர்கள் சொல்வார்கள்."
சொல்லியிருக்கக் கூடாது.
பிறகு பதினோரு நாள்
முட்டைக்கோஸ் சூப்பை வேறு வேறு மேசைகளில் குடித்தோம்.

உருண்டையாக இருந்தால் வழக்கு எளிது.
கொஞ்சம் சுழற்றி மறுபடி அளக்கலாம்:
மேடு கூடவே சுழன்றால் குற்றம் கண்ணாடியுடையது,
நின்ற இடத்திலேயே நின்றால் என்னுடையது.
இதைச் சுழற்ற முடியாது.
ஒரே ஒரு கிடையில்தான் ஹோலோகிராம்
இதை அடையாளம் காணும்.
ஒரு பாகை திருப்பினால்
ஒளிவரிகள் நெருங்கி நெருங்கித்
திரை முழுக்கப் புழுதி.

அடுத்த அறையில் இன்னொரு கருவி,
மந்தமானது, பொறுமைசாலி.
மூன்று முனைகளில் அல்லாமல்
முப்பது மெத்தைகளில் கண்ணாடியைப் படுக்கவைத்து
தொடாமல் புள்ளி புள்ளியாக வருடும்.
ஒன்பது மணி நேரம்.
லூபோர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.
நான் போகச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு என் தாங்கியுடையது.
தன் எடையிலேயே தொய்ந்திருக்கிறது கண்ணாடி,
போகப்போகிற இடத்தில் அதற்கு எடையே இல்லை.
மிச்சம் இருபத்துமூன்று.

மிச்சத்தையும் குறைக்கலாம் என்று எனக்குத் தெரியும்.
வரைந்த வளைவை
இருக்கிற வளைவின் மேல் எங்கே கிடத்துவது?
பிழை என்பது அதையும் பொறுத்தது.
இரண்டு மைக்ரான் வடக்கே நகர்த்தினேன்: பதினாறு.
இம்மியளவு சாய்த்தேன்: ஒன்பது.
திரையில் சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது,
காய்ச்சல் இறங்குவதுபோல்.
அவனைப் பார்த்தேன். சமாதானத்துக்கு
ஒன்பது போதுமானதாக இருந்திருக்கும்.

அவன் கண்ணாடியின் விளிம்பைக் காட்டினான்.
மூன்று கீறல்கள், எறும்பின் கால் அளவு.
"அந்தக் குறிகளை வெட்டியது நான்.
வரைபடம் அங்கேதான் உட்கார வேண்டும்.
பழைய இடத்தில் வை."

வைத்தேன். சிவப்பு திரும்பி வந்தது.
"இருபத்துமூன்று என்னுடையது" என்றான்,
தன் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுப்பவன்போல.

நான்கு நாள் அவன் எந்திரம் ஓடியது.
ஐந்தாம் நாள் இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கி
கீழே கொண்டுவந்தோம், மூச்சை அடக்கி.
தாங்கியின் தொய்வை இப்போது கணக்கில் கழித்திருக்கிறேன்.
பூச்சு ஏறாத பரப்பில் எங்கள் முகங்கள்
மங்கலாகத் தெரிந்தன:
அவன் நெற்றி நீண்டு, என் தாடை ஒடுங்கி.
முகம் பார்ப்பதற்குச் செய்ததல்ல அது.

விளக்கணைத்தோம்.
எட்டு மணி நேரம் என்று குறித்துக்கொண்டேன்,
இம்முறை அது
இரண்டு பேரை மறக்க வேண்டும்.